நட்ட முடியும் நொந்த மனமும்

தைமாதக் கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. சென்னை சென்று பெருந்தொகை கொடுத்துத் தலையில் முடி நட்டு வந்த மாப்பிள்ளை, மூன்றாம் மாதம் கண்ணாடியைப் பார்த்துக் கலங்குகிறார். நட்டதெல்லாம் உதிர்ந்துவிட்டதே!

நம்மூர்ப் புகையிலைத் தோட்டக்காரர் இதற்குக் கலங்கமாட்டார். பிடுங்கி நட்ட கன்று வாடித்தானே தளிர்க்கும்? நட்ட முடியும் சில வாரங்களில் உதிரும். வேர் தோலுக்குள் உறங்கும். மூன்று நான்கு மாதங்களின் பின்னரே புதுமுடி தலைகாட்டும். முழுப்பயனை அறிய 12 மாதமாவது செல்லும். உச்சந்தலைக்கு இன்னுங் கூடுதலாகலாம்.

ஓராண்டு கழிந்தும் ஐதாக இருப்பின், உடனே மறுமுறை நடத் துணியலாகாது. பிடரிமுடி இடம் மாறினும் தன் குணம் மாறாது. அமெரிக்க வைத்தியர் நோர்மன் ஓரென்ட்ரைக் 1959இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இதுவே. ஆயின், எடுத்த வேர் எடுத்த இடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. கையிருப்போ சிறிது! ஆகவே நட்ட முடி பட்டதா, அருகிலிருந்த பழைய முடி கொட்டியதா என்பதை வேறொரு தோல்நோய் வைத்தியரிடம் காட்டி அறிதல் வேண்டும். பின்னதாயின் முதலில் வேண்டுவது மினொக்சிடில் போன்ற மருந்தே.

மலிவை நாடுவதும் ஆபத்து. 2016இல் சென்னையில் இச்சிகிச்சைக்குப் பின் மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார்.

தைக்குள் முடி நிறையாவிட்டால்? நாளைத் தள்ளவேண்டா. பெண்வீட்டார் ஆளைப் பார்த்துத்தானே சம்மதித்தார்கள்!