காப்புறுதி முகவர் எதை எழுதி வைக்க வேண்டும்?

கல்முனைப் பக்கம் காப்புறுதி விற்பதென்றால் சொந்தக்காரரிடமும், பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுபவரிடமும் விற்பதுதான். பல வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நட்டஈடு மறுக்கப்பட்டால் ஆக்கள் கொழும்பிலுள்ள கம்பனியைத் தேடிப் போவதில்லை. முகவரின் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

முகவர் கம்பனியின் ஆள், தரகர்தான் வாடிக்கையாளரின் ஆள். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டம் இருவரையும் வெவ்வேறாகவே பார்க்கிறது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலான சிக்கல்கள் முன்மொழிவுப் படிவத்தில்தான் தொடங்குகின்றன. ஆங்கிலப் படிவம், வாடிக்கையாளர் கையெழுத்தை மட்டும் போடுவார், மற்றதை முகவர் நிரப்புவார். சீனி வருத்தம் உண்டா என்ற கேள்விக்கு, கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிட்டால், மௌத்தின் பிறகு கிளினிக் கொப்பி வெளியே வரும். அப்போது பொய் சொன்னவராக நிற்பவர் இறந்தவர்; அவருடைய மனைவி பிடிப்பது முகவரை. ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துக் காட்டி, சொன்ன பதிலையே எழுதி, பிரதியொன்றைக் கையில் கொடுங்கள். யுத்தத்திலும் சுனாமியிலும் பத்திரங்கள் தொலைந்த வீடுகள் இங்கே அதிகம். பிறந்த திகதி அடையாள அட்டையில் ஒன்றும் பிறப்புச் சான்றிதழில் வேறொன்றுமாக இருந்தால், அன்றைக்கே கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

அடுத்தது, எதற்குக் காப்பு இல்லை என்பது. அடிப்படைத் தீக்காப்புறுதி தீயையும் மின்னலையும்தான் பார்க்கும். 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் கொண்டுபோன வீடுகளுக்கு இயற்கை அனர்த்தக் காப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். கலவரத்தில் கடை எரிந்தால் அதுவும் தீதானே என்று நினைப்பார்கள். அப்படியல்ல. கலவரத்துக்கும் பயங்கரவாதத்துக்குமான காப்பு மேலதிகக் கட்டணத்தோடு, அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக வருவது. யுத்தம் அதிலும் அடங்காது. வாடிக்கையாளர் அந்தக் காப்பு வேண்டாம் என்றால், அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஊரில் இப்படிக் கேட்டால் நம்பிக்கையில்லாதது போலத் தெரியும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது என்று சொல்லிப் பாருங்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை.

தவணைப் பணத்தைக் காசாக வாங்கினால் அன்றைக்கே கட்டிப் பற்றுச்சீட்டைக் கொடுங்கள். உங்கள் கையில் காசு கிடக்கும் வாரத்தில் பொலிசி காலாவதியாகி, அதே வாரத்தில் விபத்து நடந்தால் பதில் சொல்ல முடியாது. தகாஃபுல் விற்பவர்கள் இவ்வளவு இலாபம் வரும் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது.

முகவரின் தவறால் வரும் வழக்குக்கும் நட்டத்துக்கும் தொழிற்பொறுப்புக் காப்புறுதி என்று ஒன்று உண்டு. வேண்டுமென்றே எழுதிய பொய்யை அது ஏற்காது.