மாதிரி விமானத்தில் மின்பொறியும் வானொலியும்

ஜொகூரின் ஊர்ப் பெயர்களிலேயே பறப்பன பல உண்டு. குளுவாங் என்னும் பெயர் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்தது. அதே மாவட்டத்திலுள்ள லாயாங் லாயாங் என்பதற்குக் காற்றாடி என்றும் தகைவிலான் குருவி என்றும் பொருள் கூறலாம். பாசிர் கூடாங்கில் 1995ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பட்டத் திருவிழா பல நாட்டாரை ஈர்த்தது. பட்டத்திற்கு நூலே கடிவாளம். பெட்ரோல் இயந்திரத்தால் பறக்கும் மாதிரி விமானத்திற்கோ, கண்ணுக்குப் புலனாகாத வானொலி அலையே கடிவாளம். அக்கடிவாளத்தை அறுக்கவல்ல பகை விமானத்தின் மூக்கிலேயே குடியிருக்கிறது. இயந்திரத்தை ஓட்டும் மின்பொறிதான் அப்பகை.

அந்த இயந்திரம் தோட்டப்புறத்தார்க்குப் புதிதன்று. செம்பனைகளுக்கிடையே புல் வெட்டுவோர் சுமந்து செல்லும் இயந்திரமும், மரம் அறுக்கும் சங்கிலி வாளும் எந்த இனமோ, இதுவும் அந்த இனமே. பெட்ரோலுடன் எண்ணெய் கலந்து ஊற்றப்படும் இருவீச்சு இயந்திரம். அமெரிக்காவில் 1930-களிலேயே மாதிரி விமானங்களில் பெட்ரோல் இயந்திரம் ஏறிவிட்டது. வில்லியம் பிரவுன் என்பார் செய்த சிற்றியந்திரத்தைப் பொருத்தி, மாக்ஸ்வெல் பாசெட் என்னும் இளைஞர் 1933ஆம் ஆண்டுப் போட்டியில் ரப்பர் நாடாவால் பறந்த விமானங்களை எல்லாம் வென்றார். பின்னர் 1947இல் ரே ஆர்டன் கனல் பிளக்கைக் கொணர்ந்தார். மின்கலம், சுருள், மின்தேக்கி ஆகியவற்றின் சுமை ஒழிந்தது. மெத்தனாலில் ஓடும் இலேசான இயந்திரங்கள் பரவின. ஆயினும் பெரிய விமானங்களில் ஆசை வளர்ந்தபோது, மலிவான பெட்ரோலும் அதனுடன் மின்பொறியும் திரும்பி வந்தன. சங்கிலி வாளின் இயந்திரத்தைக் கழற்றி விமானத்தில் மாட்டியவர்களே அதற்கு வழிகாட்டினர்.

மின்பொறிக்கும் வானொலிக்கும் பகை ஏன் என்று கேட்கலாம். உண்மையில் அவை தாயும் சேயும் ஆகும். 1888ஆம் ஆண்டளவில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை மெய்ப்பித்தது, உலோகக் குமிழ்களுக்கிடையே பொறி பறக்கச் செய்துதான். கல்கத்தாவில் 1895இல் ஜகதீச சந்திர போஸ் கம்பியின்றியே தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்ததும், 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கப்பால் செய்தி விடுத்ததும் பொறியின் துணையாலேயே. பொறி எங்கே பறந்தாலும் அங்கே ஒரு வானொலி நிலையம் தோன்றுகிறது. நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுழலும் இருவீச்சு இயந்திரத்தில் நொடிக்கு நூறு முறை பொறி பறக்கும். அந்த நிலையத்திற்கு ஒழுங்கான அலைவரிசை கிடையாது. கிடைத்த வரிசையிலெல்லாம் கூச்சலிடும்.

இனி, பொறி பிறக்கும் விதத்தைக் காண்போம். சிறு மின்கலத்தின் ஆறு வோல்ட்டு அளவான அழுத்தத்தை ஒரு மின்னணுப் பெட்டி சில நூறு வோல்ட்டாக உயர்த்தி, மின்தேக்கியில் சேர்த்து வைக்கிறது. சுழல்விசிறியின் குடத்தில் ஒரு சிறு காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவைக் கொண்டு இயங்கும் உணர்வி, அக்காந்தம் கடந்து செல்லுவதை அறிந்து சொல்லும். அக்கணமே மின்தேக்கி தன் சரக்கைச் சுருளில் கொட்ட, பல்லாயிரம் வோல்ட்டு எழுந்து பிளக்கின் முனையில் அரை மில்லிமீட்டர் அளவான இடைவெளியைத் தாண்டுகிறது. பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி பறக்கவேண்டும். தீ பரவ நேரம் வேண்டுமல்லவா? வேகமாய் ஓடுகையில் அந்த முன்னேற்பாடு முப்பது பாகையை ஒட்டியிருக்கும். 6,000 சுற்றில் முப்பது பாகை என்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. கையால் சுழற்றித் தொடங்கும்போதோ அவ்வளவு முன்னதாகப் பொறி பறந்தால் விசிறி பின்னோக்கி உதைத்து விரலைப் பறித்துவிடும். ஆதலின் நல்ல பெட்டிகள் மெல்லச் சுழலும்போது பொறியைத் தாமதப்படுத்துகின்றன. உணர்வியைத் தவறான இடத்தில் திருகி வைப்பவர்க்கு இந்தக் காவல் பயன்படாது.

சுக்கானையும் இறக்கைத் தட்டுகளையும் அசைப்பது சர்வோ. அதனுள் ஒரு சிறு மோட்டார், பற்சக்கரங்கள், தன் கை நிற்கும் நிலையைத் தானே அறியும் அளவி ஆகியவை உண்டு. ஏற்பியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ ஐம்பது துடிப்புகள் வரும். துடிப்பு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நொடி நீடித்தால் கை நடுவில் நிற்கும்; ஒரு பங்கானால் ஒரு பக்கம், இரு பங்கானால் மறுபக்கம் திரும்பும். கட்டளை முழுவதும் துடிப்பின் நீளத்தில்தான் இருக்கிறது. கூச்சல் அந்த நீளத்தைச் சற்றே கலைத்தாலும் சுக்கான் நடுங்கும்.

முன்னாளில் அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இவ்விமானங்கள் பறந்தன. பொறியின் கூச்சல் அவ்வலைகளை எளிதில் தாக்கியது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பெரிதும் தப்பிவிடுகின்றன. இதைக் கண்டு பழைய எச்சரிக்கைகளெல்லாம் வீண் என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. அலை தூய்மையாக வந்தாலும், ஏற்பிக்கும் சர்வோவுக்கும் இடையே ஓடும் நீண்ட கம்பிகள் கூச்சலை வாங்கும் குணம் மாறவில்லை.

ஆகவே பொருத்தும்போது விமானத்தை இரு நாடுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூக்குப் பக்கம் பொறியின் நாடு. மின்னணுப் பெட்டி, அதற்கே உரிய தனி மின்கலம், அதன் சுவிட்சு யாவும் அங்கே. ஏற்பியும் அதன் மின்கலமும் இறக்கைக்கு அருகே, குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி. இரண்டின் கம்பிகளையும் ஒரே கட்டாகக் கட்டுவது அழகாகத் தோன்றும். ஆனால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பிளக்கிற்குச் செல்லும் கம்பியின் மேல் பின்னிய உலோக உறை அறுந்திருக்கலாகாது. அவ்வுறை பிளக்கின் உடலை இறுகப் பற்றியிருக்க வேண்டும். கார்புரேட்டரைத் திறந்து மூடும் சர்வோ மட்டும் எல்லையில் நிற்க நேரும். அதையும் இயந்திரத்தையும் இணைக்கும் கோல் நைலானாக இருத்தல் நன்று. இரும்புக் கோலானால் மூக்கின் கூச்சலுக்கு அதுவே பாலமாகும்; உலோகத்தோடு உலோகம் உரசுவதும் புதிய கூச்சலை உண்டாக்கும்.

சர்வோக்களை ரப்பர் வளையங்களின் மேல் அமர்த்தி, பித்தளைக் குழல்களை அவற்றுள் செருகித் திருகவேண்டும். ரப்பர் நசுங்கிவிட்டால் அதிர்வைத் தாங்காது. நடுநிலையில் சர்வோவின் கை கோலுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். அந்தக் கோணம் பிழைத்தால், தட்டு மேலே ஓர் அளவும் கீழே வேறோர் அளவும் அசையும். அனுப்பியிலுள்ள திருத்தங்களால் இதை மறைக்க முயல்வதைவிடக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவதே மேல்.

இவ்வளவு கவனம் விளையாட்டுப் பொருளுக்கா? எட்டு கிலோ எடையுள்ள விமானம் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் மோதினால், அதே எடை ஏறத்தாழ 46 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பதினைந்து மாடி உயரத்திலிருந்து, விழுந்த அடி விழும். இதற்காகவே தொலைவிலிருந்து பொறியை நிறுத்தும் சுவிட்சைத் தவறாமல் சேர்க்கவேண்டும். இது நுட்பமான அமைப்பு. ஏற்பியின் கட்டளை ஒரு சிறு விளக்கை ஏற்றும். மறுபுறமுள்ள ஒளியுணர்வி அதைக் கண்டு பொறியின் மின்சாரத்தை விடும். இடையே ஒளி மட்டுமே செல்வதால், இரு நாடுகளுக்கும் கம்பித் தொடர்பு இல்லை. அலை அறுந்தால் விளக்கு அணையவும் இயந்திரம் நிற்கவும் ஏற்பியை முன்கூட்டியே பழக்கி வைக்கவேண்டும்.

ஜொகூரின் வானிலையும் கணக்கில் சேரும். ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்த காற்று. நீரிணையை ஒட்டிய பகுதிகளில் உப்பும் கலந்திருக்கும். பிளக்கின் மூடியில் ஈரமும் அழுக்கும் படிந்தால் உயர் அழுத்த மின்சாரம் அதன்மேல் கசிந்தோடும்; இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். மேலும், செனாயில் 1974 முதல் விமான நிலையம் உண்டு. நீரிணைக்கு அப்பால் சிலேத்தார், சாங்கி நிலையங்கள். 2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் போக்குவரத்து விதிகள், 400 அடிக்கு மேலும் விமான நிலையப் போக்குவரத்து வட்டத்துள்ளும் அனுமதியின்றிப் பறக்கவிடுவதைத் தடுத்தன. மாநிலத்தின் தென்கோடியில் இடம் தேடுவோர் முதலில் வரைபடத்தைத்தான் பார்க்கவேண்டும்.

எல்லாம் பொருத்திய பின்னும் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. ஒருவர் விமானத்தைப் பின்னிருந்து இறுகப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அனுப்பியின் வலிமையைக் குறைத்து வைத்துக்கொண்டு நடக்கவேண்டும். முதலில் இயந்திரம் நின்றிருக்கையில், கட்டளை எத்தனை தப்படி தூரம் செல்கிறதென்று எண்ணிக்கொள்வர். பின்பு இயந்திரத்தை மெல்லவும், நடுத்தரமாகவும், முழு வேகத்திலும் ஓடவிட்டு அதே தூரத்தை மறுபடி நடப்பர். தூரம் குறைந்தாலோ, சுக்கான் ஒரு முறை நடுங்கினாலோ, பெட்ரோலை வடித்துவிட்டு உலோக உறையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கம்பியாகத் தேடவேண்டியதுதான். அன்றைக்குப் பறத்தல் இல்லை.