காரோடு சேர்ந்து வரும் பழைய கதை

2022 செப்டெம்பர் மாதத் தொடக்கம். கராச்சி நகரின் வசதி படைத்தோர் வாழும் டிஃபென்ஸ் பகுதியில், ஒரு வீட்டு முற்றத்தில் உறை போட்டு மூடிய கார் ஒன்று நின்றது. பாகிஸ்தான் சுங்க அதிகாரிகள் உறையை விலக்கிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது பென்ட்லி மல்சான். பெறுமதி மூன்று இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். இலக்கத் தகடு சிந்து மாகாணத்துடையது. சேசிஸ் இலக்கமோ லண்டனில் களவுபோன ஒரு காருடையது. பிரித்தானியாவிலிருந்து வந்த தகவலை வைத்துத்தான் அதிகாரிகள் அந்த வாசலுக்கு வந்திருந்தார்கள். வேறொருவர் தனக்கு விற்றார், பத்திரங்களையெல்லாம் முடித்துத் தருவதாகவும் அவரே பொறுப்பெடுத்தார் என்று வீட்டுக்காரர் சொன்னார். அந்தப் பதில் எடுபடவில்லை. வாங்கியவரும் விற்றவரும் கைதானார்கள்.

மூன்று வருடம் கழித்து, 2025 செப்டெம்பர் 23 ஆம் திகதி, கேரளத்தில் சுமார் 30 இடங்களில் இந்தியச் சுங்கத்துறை சோதனை நடத்தி 36 வாகனங்களைக் கைப்பற்றியது. பூட்டானில் ஏலம் போன பழைய வாகனங்கள் வரி கட்டாமல் எல்லை கடந்து, போலிப் பத்திரங்களோடு இந்தியாவில் பதிவாகியுள்ளன என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. ‘நும்கோர்’ என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் நடிகர் துல்கர் சல்மானின் லேண்ட் ரோவர் டிஃபென்டரும் அடங்கியது. பத்திரங்களை நம்பி நல்லெண்ணத்துடன் வாங்கிய வாகனம் என்று அவர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். வாகனத்தைத் தற்காலிகமாக விடுவிப்பது பற்றிப் பரிசீலிக்கும்படி ஒக்டோபர் 7 ஆம் திகதி நீதிமன்றம் சுங்கத்துறைக்குச் சொன்னது. சட்டத்தரணி வைத்து வழக்காட வசதியுள்ளவருக்கே இந்த அலைச்சல்.

இனி மட்டக்களப்பு வாவிக்கு வருவோம். குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தால் படுவான்கரையில் மண்டூர். தரைவழியே வருபவர்கள் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வருவார்கள். வேளாண்மையை நம்பிய ஊர். சின்னக் கதிர்காமம் என்று பேர்பெற்ற முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் இந்தச் சிறிய ஊருக்குள் நிற்கும் வாகனங்களைப் பார்த்தாலே காலம் மாறியிருப்பது விளங்கும். உழவு இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பக்கத்தில் பிராடோவும் பென்ஸும் நிற்கின்றன. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளை அனுப்பிய காசு, வயல் விற்ற காசு, லீசிங் காசு எனப் பலவும் சேர்ந்து இப்படியான கார்கள் வீடு வந்து சேர்கின்றன. வாங்கிய முதல் கிழமை சந்தோசத்தில் போகும். அதன்பிறகு கராஜில் யாரோ ஒருவர், “அண்ணன், இது அடிபட்ட கார் மாதிரிக் கிடக்கே” என்பார். அன்றிரவு நித்திரை வராது.

இந்தக் கவலை இலங்கையில் கூடியதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருடம் புதிய கார்கள் வருவது அரிதாகிப்போன நாட்டில் பழைய கார்கள் கைக்குக் கை மாறின. விலை ஏறிக்கொண்டே போனது. இறக்குமதி வரியும் சாதாரணமானதல்ல. பெரிய எஞ்சின் உள்ள கார்களுக்குக் காரின் விலையையே மிஞ்சும். வரியை ஏய்த்துக் கொண்டுவரும் ஒவ்வொரு சொகுசுக் காரிலும் கொள்ளை இலாபம் கிடைப்பதால், அந்த வழியைத் தேடுபவர்களும் பெருகினார்கள். 2024 இன் பிற்பகுதியில் பதிவில்லாத சொகுசுக் கார்கள் பலவற்றைப் பொலிசார் கைப்பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தன. சட்டவிரோதப் பதிவுகள் தொடர்பாக மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அதிகாரிகள் சிலரும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவால் கைது செய்யப்பட்டார்கள்.

ஒரு காருக்கு இரண்டு வரலாறு உண்டு: ஒன்று உடம்பின் வரலாறு, மற்றது பத்திரத்தின் வரலாறு. வாங்குபவர்கள் பெரும்பாலும் உடம்பைப் பார்க்கிறார்கள். பெயின்ட் மினுங்குகிறதா, எஞ்சின் சத்தம் எப்படி, ஏசி குளிர்கிறதா என்று பார்க்கிறார்கள். உடம்பில் உள்ள பிழையைச் செலவழித்துத் திருத்தலாம். பத்திரத்தில் உள்ள பிழையோ காரையே கொண்டுபோய்விடும். ஆகவே கவலைப்படுபவர் முதலில் கையில் எடுக்கவேண்டியது வாகனப் புத்தகம்.

புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் அடித்திருக்கும் இலக்கங்களோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். ஐரோப்பியக் கார்களில் அது 17 எழுத்தும் எண்ணும் கொண்ட தொடர். முன்கண்ணாடியின் அடியிலும், கதவுத் தூணில் ஒட்டிய தகட்டிலும், சேசிஸிலும் அதே தொடர் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றும் அந்தத் தொடரில் ஒருபோதும் வராது. ஒன்று, பூச்சியம் ஆகியவற்றோடு குழம்பக்கூடாது என்பதற்காக விலக்கப்பட்டவை. அப்படி ஓர் எழுத்தைக் கண்டால் அந்த இலக்கம் பொய். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கார்களில் இத்தொடர் குட்டையாக, நடுவே கோடு போட்டு இருக்கும். இலக்கம் அடித்த இடத்தைச் சுற்றி மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலும், வெல்டிங் தடம் தெரிந்தாலும், எழுத்துகள் ஏறி இறங்கி நின்றாலும் விசாரிக்க வேண்டும். விபத்தில் சிதைந்த ஒரு காரின் புத்தகத்தையும் இலக்கத்தையும் எடுத்து, கள்ளமாக வந்த காருக்குப் பொருத்துவது உலகெங்கும் நடக்கும் பழைய வித்தை. உற்பத்தி வருடத்துக்கும் இலங்கையில் முதல் பதிவான திகதிக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தால் அதற்கும் காரணம் கேட்க வேண்டும்.

வருடாவருடம் பிரதேச செயலகத்தில் வரி அனுமதிப்பத்திரம் கிடைக்கிறதே, பிறகென்ன பயம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பார்ப்பது காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும்தான். காரின் சேசிஸை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி வாகனத்தின் பதிவு விவரத்தை எடுக்கலாம். முந்தைய உரிமையாளரிடம் சுங்கத்தில் வரி கட்டிய பத்திரத்தின் பிரதியைக் கேட்கலாம். லீசிங் கம்பெனிக்கு இன்னும் கடன் மிச்சமிருக்கிறதா என்பதும் பதிவு விவரத்தில் தெரியும்.

இங்கே பெரிய ஆபத்து ஓப்பன் பேப்பர். விற்பவர் கையொப்பம் வைத்த மாற்றுப் படிவத்தை, வாங்குபவரின் பெயர் எழுதாமலே கொடுத்துவிடுவார். அந்தப் படிவத்தோடு கார் மூன்று நான்கு பேரின் கைக்குப் போய்வரும். புத்தகத்தில் முதலாமவரின் பெயரே இருக்கும். “தம்பி, ஒண்டுக்கும் யோசியாதீங்க, எப்ப வேணுமெண்டாலும் பேர் மாத்தலாம்” என்பது புறோக்கர்மாரின் வழமையான பேச்சு. உரிமை மாறியதை 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். தாமதித்தால் தண்டப் பணம் ஒருபுறம். பெயரில் உள்ளவர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ வாங்கியவர் கையில் கார் இருக்கும், உரிமை இருக்காது. கேள்வி எழும் நாளில் இடையில் நின்ற புறோக்கரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது.

களவுபோன பொருளை நல்லெண்ணத்தில் வாங்கியவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். சில விதிவிலக்குகள் போக, தனக்கு உரிமையில்லாத பொருளை விற்பவர் வாங்குபவருக்கு உரிமையைக் கொடுக்க முடியாது என்பதே அதன் நிலைப்பாடு. ஆனால் விற்பவர்மேல் வழக்குத் தொடுத்துக் கொடுத்த காசைக் கேட்க முடியும். அதற்கு விற்றவர் யார் என்று காட்ட வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம், அடையாள அட்டைப் பிரதி, வங்கி வழியாகச் செலுத்திய பணம் ஆகிய மூன்றும் அந்த நாளுக்காகத்தான். காசை நோட்டுக் கட்டாக எண்ணிக் கொடுத்தவரிடம் காட்ட எதுவும் இருக்காது.

இனி உடம்பின் கதை. 2015 டிசெம்பரில் சென்னை மூழ்கியபோது ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. காப்புறுதிக் கம்பெனிகள் அவற்றை ஏலத்தில் விட, திருத்தப்பட்ட பல கார்கள் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் இலங்கையின் பல மாவட்டங்களை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தில் நின்ற வாகனங்களும் கழுவிக் காயவைத்து விற்பனைக்கு வரக்கூடும் என்பதை இப்போது வாங்குபவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

சேற்றை எவ்வளவு கழுவினாலும் சில இடங்களில் தங்கிவிடும். சீட் பெல்ட்டை அடிவரை முழுதாக இழுத்துப் பார்த்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண்ணிறக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல் ஓடும் இரும்பில் துரு பிடித்திருக்கும். டிக்கியில் மேலதிகச் சில்லு வைக்கும் குழியின் மூலையில் நுண்மணல் இருக்கும். லைட் கண்ணாடிக்குள் நீர்மட்டத்தின் வளையம் தெரியும். சொகுசுக் காரில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். பல ஐரோப்பியக் கார்களில் மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கம்பளத்துக்கு அடியிலும் டிக்கியின் பக்கத்திலும் இருக்கின்றன. தண்ணீர் பட்ட பெட்டி அன்றே பழுதாகாமல், மாதங்கள் கழித்துச் செப்புக் கம்பிகள் அரித்த பிறகு வேலையைக் காட்டும். வாவியிலும் கடலிலும் உள்ளதைப்போல உப்புத் தண்ணீர் என்றால் அரிப்பு இன்னும் வேகம். 2022 இல் இயன் சூறாவளிக்குப் பின் அமெரிக்காவின் புளோரிடாவில் உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. ஹைபிரிட் வாங்கியவர்கள் பற்றரியைத் தனியாகச் சோதிப்பது நல்லது.

அடிபட்ட காரைக் கண்டுபிடிக்கப் பெயின்டின் கனத்தை அளக்கும் சிறு கருவி உதவும். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரோன் வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் அதைப்போல மூன்று நான்கு மடங்கு காட்டினால் அடியில் பட்டி போட்ட டிங்கர் வேலை இருக்கிறது.

ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால், அங்கே ஏலத்தில் விட முன் காரைச் சோதித்து எழுதிய ஏலத்தாள் பெரிய சாட்சி. காரின் படத்தில் கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, திருத்திய இடத்துக்கு டபிள்யூ, மாற்றிய பாகத்துக்கு இரட்டை எக்ஸ் என்று குறித்திருப்பார்கள். தரப்புள்ளியின் இடத்தில் ஆர் என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்தியது. விற்பவர் காட்டும் தாளை மட்டும் நம்பாமல், சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து வேறிடத்தில் பிரதி எடுத்து ஒப்பிட வேண்டும். போலித் தாள்களும் புழங்குகின்றன. ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழில் கடைசிப் பரிசோதனையின்போது ஓடியிருந்த தூரமும் பதிவாகியிருக்கும். அதைவிடக் குறைந்த எண்ணை இன்றைய மீட்டர் காட்டினால் வேறு அத்தாட்சி தேவையில்லை. பென்ஸ், பிஎம்டபிள்யூ போன்ற கார்களுக்கு உள்ளூர் முகவரிடம் சர்வீஸ் செய்த பதிவு இருக்கிறதா என்றும் விசாரிக்கலாம்.

வாங்கிய பிறகு சந்தேகம் வந்தவர் செய்யக்கூடாதது ஒன்று: ஓசைப்படாமல் இன்னொருவர் தலையில் கட்டுவது. தெரிந்துகொண்டே விற்றால் ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றியவராகிவிடுவார். முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் பத்திரங்களைக் காட்ட வேண்டும். விற்றவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாகன விற்பனை நிலையத்தில் வாங்கியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். இலக்கம் மாற்றிய சந்தேகம் என்றால் தாமே பொலிசுக்குப் போவது, பொலிஸ் வீடு தேடி வருவதைவிட எவ்வளவோ மேல்.

தனியாள் ஒருவர் இத்தனை சோதனையையும் செய்யவேண்டியிருப்பதுதான் குறை. பெல்ஜியத்தில் 2006 டிசெம்பர் முதல், பழைய கார் விற்கும் எவரும் ‘கார்-பாஸ்’ என்ற சான்றிதழைக் கொடுக்கவேண்டும். கராஜுக்குக் கார் போகும் ஒவ்வொரு தடவையும் மீட்டர் எண் அதில் ஏறிவிடும். அங்கே மீட்டரைக் குறைக்கும் மோசடி ஏறக்குறைய ஒழிந்தது. இலங்கையிலும் பெரும்பாலான கார்கள் வருடத்துக்கு ஒரு தடவை புகைப் பரிசோதனைக்குப் போகின்றன, காப்புறுதியும் புதுப்பிக்கப்படுகிறது. அந்த நாளில் மீட்டர் எண்ணையும் சேசிஸ் இலக்கத்தையும் ஒப்பிட்டுக் குறித்து, விபத்து, வெள்ள இழப்பீட்டு விவரங்களோடு சேர்த்து வாங்குபவர் பார்க்கும்படி திறந்து வைக்கும் பொறுப்பை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஏற்க வேண்டும். மண்டூரில் இருந்து கொழும்பு நாரஹேன்பிட்டிக்கு அலையாமல், கையிலுள்ள போனிலேயே அந்த விவரம் தெரிந்தால், காசு கைமாறுவதற்கு முன்பே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.