பல்லி விழுந்த சோறு நஞ்சா?

இரவுச் சாப்பாட்டு நேரம். பருப்புச் சட்டிக்குள் ஒரு பல்லி விழுகிறது. "ஐயையோ, விஷம்!" என்று முழுச் சட்டியையும் கானுக்குள் ஊற்றிவிடுகிறோம். ஆனால் அதே குசினியில், கைக்குழந்தையின் பால் கோப்பை மூடாமல் தட்டில் கிடக்கிறது. அதற்கு மேலே, சுவரில், இன்னொரு பல்லி. அதை நாம் கவனிப்பதில்லை.

பல்லிக்கு நஞ்சுப் பை கிடையாது. அதன் தோலிலும் வாலிலும் நஞ்சில்லை. அப்படியானால் பல்லி விழுந்த உணவை உண்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் ஏன் வருகின்றன? விடை பல்லியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

வெப்ப நாடுகள் பலவற்றில் வீட்டுப் பல்லிகளைச் சோதித்தபோது, அவற்றின் குடலில் சல்மொனெல்லா என்னும் கிருமி காணப்பட்டது. பல்லிக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் அதன் எச்சம் வழியாக நமது உணவிலோ நீரிலோ சேர்ந்தால் காய்ச்சல், வயிற்று வலி, வயிற்றோட்டம் உண்டாகும். கைக்குழந்தைகள், கர்ப்பிணித் தாய்மார், முதியோர் ஆகியோரை இது கடுமையாகத் தாக்கும்.

கிருமி மட்டுமல்ல, பல்லியின் உடலில் ஒட்டுண்ணிகளும் குடியிருக்கின்றன. எமது நாட்டின் தவளைகள், ஊர்வன ஆகியவற்றில் வாழும் ஒட்டுண்ணிகளைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிலரி குரூஸ் 1970களில் ஆராய்ந்து எழுதினார்.

வீட்டுப் பல்லியின் நுரையீரலில் வாழும் ஓர் ஒட்டுண்ணிக்கு 'நாக்குப் புழு' என்று பெயர். பெயர்தான் புழு, உண்மையில் அது இறால், நண்டு இனத்துக்கு உறவு. கொக்கிகளால் நுரையீரலைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. அதன் முட்டைகள் பல்லியின் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, எச்சத்தோடு வெளியே வருகின்றன. அந்த எச்சத்தைக் கரப்பான் பூச்சி தின்கிறது. கரப்பானுக்குள் முட்டை குஞ்சுப் பருவம் அடைகிறது. அந்தக் கரப்பானைப் பல்லி பிடித்துத் தின்றால், குஞ்சு மீண்டும் நுரையீரலைச் சேர்கிறது. ஆக, பல்லி, எச்சம், கரப்பான், மறுபடி பல்லி என்று இந்தச் சக்கரம் சுழல்கிறது.

இந்தச் சக்கரத்தில் மனிதனுக்கு இடமில்லை. நாமாகப் போய் நுழைந்தால் ஒழிய. வியட்நாமில் உயிருள்ள சிறு பல்லிகளை மருந்தென்று விழுங்கிய சிலருக்கு, இந்தப் புழுவின் குஞ்சுகள் தோலுக்கடியில் ஊர்ந்து நோய் தந்தது பதிவாகியுள்ளது. ஆகவே, இழுப்புக்கோ வேறு நோய்க்கோ பல்லியை விழுங்கச் சொன்னால் யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவு ஏற்பட்டது. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பின்னர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்க நேர்ந்தது. இப்படிப் பலர் ஒரே கூரையின் கீழ் தங்கும்போது, உணவும் உடுப்பும் அட்டைப் பெட்டிகளில் சுவரோரம் அடுக்கப்படுகின்றன. கரப்பானுக்கு அதைவிட நல்ல வீடு வேண்டுமா? கரப்பான் பெருகும் இடத்துக்குப் பல்லியும் வரும். லயன் காம்பராவிலும் இதே கதைதான்.

நாம் செய்யக்கூடியவை:

1. சமைத்த உணவு, குடிநீர், பால் மூன்றையும் எப்போதும் மூடி வையுங்கள். மூடி இல்லையென்றால் ஒரு பீங்கான் போதும்.

2. சமைத்த உணவில் பல்லி விழுந்தாலோ எச்சம் கிடந்தாலோ கொட்டிவிடுங்கள். அது நஞ்சுக்காக அல்ல, கிருமிக்காக. சட்டியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றுங்கள்.

3. நிவாரண அரிசியிலோ பருப்பிலோ எச்சம் கிடந்தால் முழுப் பையையும் வீச வேண்டியதில்லை. எச்சத்தையும் அதைச் சுற்றியுள்ள மணிகளையும் அள்ளி அகற்றுங்கள். மீதியை நன்றாகக் கழுவி, நன்றாக வேகவையுங்கள். நல்ல கொதியில் சல்மொனெல்லா சாகும்.

4. உலர் உணவை மூடியுள்ள தகர டின்னிலோ வாளியிலோ போட்டு, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அட்டைப் பெட்டிகளை அடிக்கடி பிரித்து உதறுங்கள். எச்சில் பாத்திரங்களை இரவில் கழுவாமல் விடாதீர்கள். கரப்பான் குறைந்தால் பல்லியும் குறையும்.

5. பல்லி எச்சத்தைத் துடைத்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் பல்லியைப் பிடித்து விளையாடினாலும் அப்படியே.

வயிற்றோட்டம் தொடங்கினால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். காய்ச்சல், மலத்தில் இரத்தம், குழந்தை சோர்ந்துபோதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பல்லியை அடித்துக் கொல்லத் தேவையில்லை. நுளம்பையும் ஈயையும் அது தின்கிறது. அது சுவரில் இருக்கட்டும்; நமது சட்டிக்கு மூடி இருக்கட்டும். இன்றிரவு படுக்குமுன் பிள்ளையின் பால் கோப்பையை ஒருமுறை பாருங்கள்.