தப்போவைக் கல்லில் ஒரு பழைய மரம்

செங்கலடியில் தென்னையும் பனையும் காண்கிறோம். இயற்கையாய் வளர்ந்த ஊசியிலை மரம் ஒன்றேனும் காணோம். இலங்கை எங்கணுமே இல்லை. மலைநாட்டுப் பைன் மரங்கள் மனிதர் நட்டவை.

ஆயினும் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்வினம் ஈண்டு தழைத்திருந்தது. புத்தளத்தை அடுத்த தப்போவைப் பாறையிற் பதிந்த சுவடுகளை 1922இல் சீவார்ட், ஹோல்ட்டம் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து வெளியிட்டனர். அங்குக் கிடைத்தவற்றுள் பிரக்கிபில்லம் என்பதன் இலை ஊசியன்று. தடித்த சிறு செதில். மீன் செதில்போல் அடுக்கடுக்காய்த் தண்டை மூடியிருக்கும். இத்தகைய இலை, அடியோடு அழிந்த ஓர் ஊசியிலைக் குடும்பத்துக்கும் உண்டு. இன்றும் வாழும் அரோக்கேரியாக் குடும்பத்துக்கும் உண்டு. இலையை மட்டும் கண்டு குலம் கூறல் அரிதே!

மாணவர்கள் நம்மூர்ப் பாறையில் இவற்றைத் தேட வேண்டா. அது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய முதுபாறை. தப்போவையிலோ நிலம் பிளந்து கீழிறங்கியமையால் படிவுகள் அரிபடாமல் எஞ்சின.