நாழிகை வட்டிலும் நமது வேலையும்

கடிகாரம் இருவகைப்படும். ஒன்று, பொழுது எவ்வளவு ஆயிற்று என்று காட்டுவது. சுவரில் மாட்டியிருப்பதும் கையில் கட்டியிருப்பதும் அவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, நாம் குறித்துவைத்த பொழுது தீர்ந்தவுடன் நமக்கு அறிவிப்பது. சமையலறையில் முறுக்கி வைக்கும் மணியும், கைப்பேசியிலுள்ள டைமரும் இவ்வகையின. முதல் வகையை நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் வகையோ நமக்காகப் பொழுதைப் பார்த்துக்கொள்ளும். கண்ணும் கருத்தும் ஒன்றி நின்று செய்யவேண்டிய வேலைக்கு இரண்டாவதே ஏற்றது என்பதையும், அதனை எங்கே உபயோகிக்க வேண்டும், எங்கே கூடாது என்பதையும் வல்லம், செஞ்சிப் பகுதி அங்கத்தினர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இக்கருவி நமக்குப் புதியதன்று. நீரைக்கொண்டு பொழுதளக்கும் கருவியை முல்லைப்பாட்டு 'குறுநீர்க் கன்னல்' என்று குறிப்பிடுகிறது. பாசறையில் அரசனுக்குக் கழிந்த பொழுதை அறிவிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். சூரிய சித்தாந்தம் என்னும் வானநூல், அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தூய நீரில் மிதக்கவிட்டால் அது ஓர் இரவும் பகலும் சேர்ந்த பொழுதில் அறுபது முறை மூழ்க வேண்டும் என்று அளவு கூறுகிறது. ஒருமுறை மூழ்கும் பொழுதே ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம். இராகு காலம் மூன்றேமுக்கால் நாழிகை என்பதை மறவாத நாம், அந்த நாழிகையை அளந்த வட்டிலை மறந்துவிட்டோம்!

வட்டிலின் நுட்பம் வியக்கத்தக்கது. குடத்தில் துளையிட்டு நீரை ஒழுகவிட்டால், மட்டம் தாழத் தாழ ஒழுக்கும் மெலிந்துவிடும். எனவே முதல் அரைப்பங்கு வடிவதற்கும் அடுத்த அரைப்பங்கு வடிவதற்கும் ஆகும் பொழுது ஒன்றாகாது. மிதக்கும் கிண்ணத்தில் அக்குறை இல்லை. பக்கங்கள் நேராக உள்ள கிண்ணமாயின், உள்ளே நீர் ஏற ஏறக் கிண்ணமும் அதற்கேற்பத் தாழ்கிறது. ஆகவே வெளிமட்டத்துக்கும் உள்மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய மாறாமலே நிற்க, நீரும் ஒரே சீராகப் புகுகிறது. நீரில் தூசி இருந்தால் துளை அடைபடும். மிகக் குளிர்ந்த நீர் சற்று மெதுவாகவே புகும். இதனை வீட்டில் செய்து பார்ப்பதும் எளிது. அகன்ற சிறு கிண்ணத்தின் அடியில் மெல்லிய ஆணியால் துளையிட்டு, கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கலாம். தாமதித்து மூழ்கினால் துளையைச் சிறிது பெரிதாக்குக. விரைந்து மூழ்கினால் மெழுகினால் சிறிது அடைத்திடுக. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது நல்ல பாடமாகவும் அமையும்.

இனி மேனாட்டுச் செய்தி ஒன்று. 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில், பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலிய மாணவர் படிப்பில் மனம் நில்லாமல் இடர்ப்பட்டு, தக்காளி வடிவில் அமைந்த சமையலறை மணி ஒன்றை எடுத்து முடுக்கி வைத்துக்கொண்டு படிக்கலானார். நாளடைவில் அது ஒரு முறையாக உருப்பெற்றது: 25 நிமிஷம் ஒரே வேலை, பிறகு 5 நிமிஷம் ஓய்வு, இவ்வாறு நான்கு முறை ஆனபின் நீண்ட ஓய்வு. தக்காளிக்கு இத்தாலிய மொழியில் உள்ள பெயராகிய 'பொமோதோரோ' என்பதே அம்முறைக்கும் பெயராயிற்று. அவருடைய 25 நிமிஷமும் நமது நாழிகையும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பது தற்செயலே. எனினும் நமக்கு வசதியான தற்செயல்.

நெசவாளர்க்கு இது பயன்படும் இடம் பாவு பிணைத்தல். அங்குலத்துக்கு 80 இழை, அகலம் 45 அங்குலம் என்றால், பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியைச் சேர்த்து முறுக்கவேண்டிய இழைகள் 3,600. ஓரிழை மாறிப் பிணைந்தாலும் அது துணியில் கோடாகத் தெரியும். இவ்வேலையை இத்தனை மணிக்குள் முடிப்பேன் என்று அமர்பவர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கும்போதெல்லாம் இழை தப்பும். ஒரு நாழிகைக்கு டைமரை வைத்துவிட்டு அமர்பவருக்கு அக்கவலை இல்லை. மணி அடித்ததும் கையிலுள்ள இழையை முடித்து, அடையாளமாக ஒரு வண்ண நூலை இட்டுவிட்டு எழுந்து, கண்ணுக்குச் சற்று ஓய்வளிக்க வேண்டும். நாழிகைக்கு 300 இழை பிணைப்பவருக்கு முழுப்பாவும் 12 நாழிகை வேலை என்று முன்னதாகவே விளங்கிவிடும். துணி என்று கிடைக்கும் என்று சங்கத்தார் கேட்கும்போது, உத்தேசமாகச் சொல்லிப் பின்னர் சங்கடப்பட வேண்டியதில்லை.

பயிரிடுவோர்க்கு மணிலா விதைப்பருப்புப் பொறுக்கும் வேலை இதற்கு ஒப்பானது. நெடுநேரம் பொறுக்கிய கண் களைத்து, சுருங்கிய பருப்பையும் தோல் உரிந்ததையும் நல்லதோடு விட்டுவிடும். அதன் விளைவு முளைப்பில்தான் தெரியும். சங்கப் பேரேட்டில் கூட்டல் சரிபார்ப்பவருக்கும் நாழிகைக் கணக்கு நன்கு பொருந்தும்.

ஆனால் எல்லா வேலைக்கும் மணி வேண்டா. நாடா ஓடத் தொடங்கியபின் நெசவாளரின் மிதியே அவருக்குக் கடிகாரம். தாளம் பிடித்த கையை இடையில் நிறுத்துவது மடமை. கஞ்சியிட்டு விரித்த பாவை மணி அடித்தது என்று விட்டுச் சென்றால் வெயில் காத்திராது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. அமெரிக்காவில் பிரெடெரிக் டெய்லர் என்னும் பொறியியலாளர், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து வேலையளவை வகுக்கும் முறையைப் பரப்பினார். அது வாட்டர்டவுன் அரசாங்கப் படைக்கலச் சாலையில் புகுந்தபோது, 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வார்ப்படத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் அந்நாட்டுச் சட்டமன்றமே அரசாங்கப் பணத்தை அவ்வகை அளவைக்குச் செலவிடலாகாது என்று தடுத்தது. நிமிஷத்தை அளப்பதில் குற்றமில்லை. அக்கடிகாரம் யார் கையில் இருந்தது என்பதே வழக்கு. ஈரான் நாட்டில் கொனாபாத் முதலிய ஊர்களில், கானாத் என்னும் நிலத்தடிக் கால்வாயின் நீரை உழவர்கள் இத்தகைய மூழ்கும் கிண்ணத்தைக் கொண்டே பங்கிட்டுக்கொண்டனர். அதனைக் காத்திருந்தவர் ஊரார் நம்பிக்கைக்கு உரியவர். ஒரே கிண்ணம் ஓரிடத்தில் நியாயத்தையும் பிறிதோரிடத்தில் பகையையும் விளைக்க வல்லது.

நமது நெசவாளர்களுக்குக் கூலி துணிக்கணக்கில் கிடைக்கிறது, நிமிஷக்கணக்கில் அன்று. ஆகையால் ஒருவர் தமக்கென வைத்துக்கொண்ட நாழிகைக் கணக்கை மற்றவரோடு ஒப்பிடுவதோ, அதனைச் சங்கத்தில் கேட்டு வாங்குவதோ முறையாகாது. முதியவருக்கு நாழிகைக்கு 150 இழையாக இருக்கலாம். அவர் பிணைத்த பாவில் பிழை குறைவாகவும் இருக்கலாம்.

தொடங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. டைமர் ஓடும் கைப்பேசியில் அழைப்பும் செய்தியும் வந்துகொண்டிருந்தால் கவனம் மணி அடிக்குமுன்னரே சிதறிவிடும். அவற்றை நிறுத்தி வைத்துக் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்திடுக. அதைவிட, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் முறுக்கு மணியே மேல். அதற்கு யாரும் தொலைபேச மாட்டார்கள்.