அறையைப் பார்க்காமல் முன்பணம் வேண்டாம்

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அமைந்திருப்பதாலும், கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராக அங்கு வந்து சேர்வதாலும், வேலைக்கும் படிப்புக்குமாக மலேசியத் தலைநகர் கோலாலம்பூருக்கு வரும் தமிழ் இளையோர் பலர் பிரிக்பீல்ட்ஸையோ கிள்ளானையோ ஒட்டியே தங்குமிடம் தேடுகின்றனர். முழு வீட்டின் வாடகையைத் தனியொருவர் தாங்குவது கடினமாகையால், அடுக்ககத்தின் அறைகளைத் தனித்தனியே வாடகைக்கு விடுவதும், முன்பின் அறியாதவர்கள் ஒரே கூரையின்கீழ் அறைத்தோழர்களாக வாழ்வதும் வழக்கமாகிவிட்டன. அதற்கான தேடல் இன்று ஐபிலிக், முடா போன்ற விளம்பரத் தளங்களிலும் பேஸ்புக் குழுக்களிலும் நடைபெறுகிறது.

இத்தேடலில் தமிழருக்கென்று தனியானதொரு துன்பம் உண்டு. இன்ன இனத்தவருக்கு மட்டும் என்றோ இந்தியர்களுக்கு இல்லை என்றோ வெளிப்படையாக எழுதப்பட்ட அறை விளம்பரங்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் காணாதவர் இல்லை. தனியார் வீட்டு உரிமையாளர் இனம் பார்த்து மறுப்பதைத் தண்டிக்கும் சட்டம் நாட்டில் இல்லை. கூட்டரசு அரசமைப்பின் 8-ஆவது பிரிவு வழங்கும் சமத்துவ உரிமை அரசின் செயல்களைக் கட்டுப்படுத்துவதன்றி, தனியாருக்கிடையிலான ஒப்பந்தங்களுக்குள் நுழைவதில்லை என்றே நீதிமன்றங்கள் பொருள்கொண்டுள்ளன. பல கதவுகள் அடைக்கப்பட்டபின், எல்லா இனத்தவரும் வரலாம் என்னும் விளம்பரத்தைக் காண்பவர், கேள்வி கேட்டால் இந்த அறையும் கைநழுவிப் போகுமோ என்று அஞ்சி உடனே பணம் அனுப்பிவிடுவது இயற்கையே. மோசடிக்காரர் காத்திருப்பதும் அந்த அச்சத்துக்காகத்தான். ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்றோ அறியாதவர் என்றோ பழிப்பது, முதலில் கதவடைத்தவர்களை மறந்து பேசுவதாகும்.

வாடகை வழக்கத்தில் இரண்டு மாத வாடகை வைப்புத்தொகையாகவும் ஒரு மாத வாடகை முன்பணமாகவும் பெறப்படுவதுண்டு. இதனை 'டூ பிளஸ் ஒன்' என்பர். மின்சாரத்துக்கும் நீருக்குமாக மேலும் அரை மாத வாடகை கேட்கப்படலாம். மாதம் 600 ரிங்கிட் அறைக்கு இவ்வகையில் 2,100 ரிங்கிட் வரை ஒரே நாளில் கைமாறுவதால், வேறொருவரின் படங்களைத் திருடி, சந்தை நிலவரத்தைவிடக் குறைந்த வாடகையைக் காட்டி, தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும் சாவி பின்னர் வந்து சேருமென்றும் சொல்பவருக்கு ஓர் இரை சிக்கினாலே போதும். ஆகவே அறையை நேரில் திறந்து பார்க்காமல் ஒரு ரிங்கிட்டும் அனுப்பலாகாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பெரும்பாலான ஏமாற்றுகள் நிறைவேறாமல் போகும்.

நேரில் காட்டப்படும் வீடும் காட்டுபவருடையதுதான் என்பதற்கு உறுதியில்லை. உரிமையாளர் என்று சொல்பவரிடம் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் அல்லது கிள்ளான் அரச மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரி ரசீதைக் கேட்டு, அதிலுள்ள பெயரை மைகார்டு அடையாள அட்டையுடன் ஒப்பிடலாம். முகவர் என்று சொல்பவரிடம் 'ஆர்இஎன்' எண்ணை, அதாவது சொத்து முகவர் நிறுவனத்தின்கீழ்ப் பணியாற்றும் பிரதிநிதிக்குரிய பதிவு எண்ணைக் கேட்டு, சொத்து முகவர்களுக்கான 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் வாரியத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். டூயிட்நவ் இணையப் பணப்பரிமாற்றச் சேவை வழி பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். அது உரிமையாளரின் பெயருக்கு மாறாக இருப்பின் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். காவல்துறையின் 'செமாக் மியூல்' தளம், ஒரு வங்கிக் கணக்கு எண்ணோ தொலைபேசி எண்ணோ முன்பு புகாருக்கு உள்ளானதா என்று காட்டுகிறது. எனினும் பிறர் பெயரில் புதிதாகத் திறக்கப்பட்ட கணக்கு அதில் இன்னும் பதிவாகாதிருக்கக்கூடும் என்பதால், புகார் இல்லை என்பதை நற்சான்றாகக் கொள்ளக்கூடாது.

அறைத்தோழரைப் பொறுத்தவரை, முதலில் அறிய வேண்டியது அவர் உரிமையாளரா, முழு வீட்டையும் எடுத்து உள்வாடகைக்கு விடுபவரா என்பதாகும். உள்வாடகைக்கு விடுபவர் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் பெறாதிருந்தாலோ, வசூலித்த வாடகையை அவருக்குச் செலுத்தாதிருந்தாலோ, ஒழுங்காகப் பணம் கட்டிய மற்றவர்களும் வீட்டை இழக்க நேரிடும். முதற்சந்திப்பை நூ சென்ட்ரல் போன்ற மக்கள் நடமாட்டமுள்ள இடத்தில் வைத்துக்கொண்டு, வீடு பார்க்கச் செல்லும்போது உறவினரையோ நண்பரையோ உடன் அழைத்துச் செல்வது நல்லது. பெண்கள் அங்கு ஏற்கெனவே தங்கியிருப்பவரிடம் தனியே பேசுவதும், அறைக்கு உட்தாழ் உள்ளதா, மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது என்று கேட்டறிவதும் இன்றியமையாதவை. மைகார்டு நகலைக் கொடுக்க நேர்ந்தால் 'வாடகைக்கு மட்டும்' என்று அதன் குறுக்கே எழுதித் தேதியும் இட வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி செலுத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரையிடப்படாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் அல்லது அதன் ஒரு பகுதிக்கும் 1 ரிங்கிட் என்பதே கணக்காதலால், 600 ரிங்கிட் அறைக்கு 29 ரிங்கிட் மட்டுமே ஆகும். பின்னாளில் வைப்புத்தொகை திருப்பித் தரப்படாவிட்டால், 5,000 ரிங்கிட்டுக்கு மிகாத தொகையை வழக்கறிஞரின்றி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கோரும் எளிய நடைமுறைக்கு அந்தத் தாளே துணைநிற்கும்.

பணம் பறிபோனது தெரிந்தால், வெட்கத்தால் மறைப்பதும் எதிர்த்தரப்பிடம் கெஞ்சி நாளைக் கழிப்பதும் கூடாது. 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. அதன்பின் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் அளித்து, உரையாடல்களையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் ஒப்படைக்க வேண்டும்.